துண்டுக்கடியில் விலை

பொள்ளாச்சி மாட்டுச் சந்தை. விலை மற்றவர்களுக்குத் தெரியாதிருக்க, தரகரும் வாங்க வந்தவரும் துண்டுக்கடியில் விரல்களைத் தொட்டுப் பேரம் பேசுகிறார்கள். காளைக்காரர் கயிற்றைப் பிடித்தபடி காத்திருக்கிறார். என்னைக் கண்டதும் வாங்க வந்தவர் கையை உருவிக்கொள்கிறார்.

தரகர் என்னிடம் வருகிறார். “ஏனுங்க, எந்தக் கேரள யாவாரிக்கு வேவு பாக்கறீங்க?”

“சும்மா பார்க்க வந்தேன்.”

அவர் நம்பவில்லை. காலையில் பஸ்ஸில் ஆங்கிலப் புத்தகத்தில் படித்த தொடரைச் சொல்கிறேன். “பழகாத இடத்துல நிக்கறவனை, தண்ணியை விட்டு வெளியே வந்த மீன்னு இங்கிலீஷ்ல சொல்வாங்க. நானும் அப்படித்தான்.”

“மீனுன்னா துடிக்குமுங்க. நீங்க துண்டையில்ல பாத்துட்டு நிக்கறீங்க.”

காளைக்காரர் குறுக்கிடுகிறார். “கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கங்க சாமி. இன்னிக்கு வித்தே ஆகோணும்.”

திரும்பிக்கொள்கிறேன். பேரம் மறுபடி தொடங்குகிறது. தரகரின் ஆள் ஒருவர் எனக்கெதிரே வந்து நின்று, என் கண்களையே பார்க்கிறார்.