குளிர் அறையின் சாவி

பச்சை நாடா கட்டிய அந்தச் சாவியை இன்னும் வைத்திருக்கிறேன். அதற்குரிய பூட்டு உடைந்து எத்தனையோ வருஷமாயிற்று. தூக்கிப்போட மனம் வரவில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் செய்யூர்ப் பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நான் நர்ஸ். எங்கள் பெரிய டாக்டர் அப்போதே, "வெயில் வருஷா வருஷம் ஏறிக்கிட்டே போகும்மா. காலராவுக்குத் தயாரா இருக்கிற மாதிரி வெயிலுக்கும் ஆஸ்பத்திரி தயாரா இருக்கணும்" என்பார். மேலதிகாரிகள் சிரித்தார்கள். மனுஷன் விடாமல் அலைந்து, உப்பளத்தில் சுருண்டு விழுகிறவர்களுக்கென்றே ஏசியும் ஐஸ் பெட்டியுமாக ஓர் அறையை வாங்கிவிட்டார். அன்று அவரை மனதாரக் கும்பிட்டேன். உப்பளம் உப்பளமாகப் போய்ச் சொன்னதும் நான்தான்: "யாருனா மயங்கி வுழுந்தா கெணத்தாண்ட போட்டுத் தண்ணி ஊத்திகினு கெடக்காதீங்க. நேரா எங்காண்ட தூக்கினு வாங்க."

அடுத்த கோடைக்குள் அந்த அறைக்கு டாக்டரின் மேசை வந்தது. ஃபைல் பார்க்கத்தான் என்றார். பிறகு மத்தியானத் தூக்கத்துக்கு ஒரு கட்டில். காய்ச்சல்காரர்கள்கூடக் குளிருக்காக வந்து உட்கார்ந்துகொள்கிறார்கள் என்று பூட்டும் போட்டார். சாவி அவர் சட்டைப் பையில்.

ஒரு சித்திரை மத்தியானம் உப்பளத்திலிருந்து என் சித்தியை மொபெட்டில் நடுவில் இருத்திக் கொண்டுவந்தார்கள். உடம்பு கொதித்தது. டாக்டர் மாமல்லபுரத்தில் ஒரு ஓட்டலில் இருந்தார். கோடைக்கு ஆஸ்பத்திரிகள் எப்படித் தயாராக வேண்டும் என்று பேசப் போயிருந்தார். குடிதண்ணீர்ப் பானையைச் சித்தியின் மேல் கவிழ்த்தேன். ஐஸ் முழுக்க உள்ளே. கருங்கல்லால் பூட்டை உடைத்துத் திறப்பதற்குள் அவள் கண் செருகிவிட்டது. செங்கல்பட்டுக்குக் கொண்டுபோகும் வழியிலேயே போய்விட்டாள்.

"கெணத்தாண்டயே போட்டுத் தண்ணி ஊத்திருப்போம். நீ சொன்னன்னுதானம்மா இங்க தூக்கினு வந்தோம்" என்றார் சித்தப்பா. சத்தம்கூடப் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை.

மறுநாள் டாக்டர் வந்ததும் கதவைத்தான் பார்த்தார். "கவர்ன்மென்ட் பூட்டை உடைச்சிருக்கே, இதுக்கு யாரும்மா பதில் சொல்றது?" என்று சாவியை மேசைமேல் வீசினார். நான் அதை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

ஓய்வுபெற்ற பிறகு ஒவ்வொரு கோடைக்கும் அவர் டிவியில் வருகிறார். சொல்வது அத்தனையும் சரி. அதுதான் எனக்கு ஆறவில்லை. ஒன்றும் தெரியாதவராக இருந்திருந்தால் என்றோ மன்னித்திருப்பேன். "யாராவது மயங்கி விழுந்தா யோசிக்காதீங்க, நேரா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போங்க" என்கிறார். நான் சாவியைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு, அவர் பேசி முடிக்கும்வரை கேட்கிறேன்.