அண்ணன் பிடித்த தேன்கயிறு

அறுபதுகளின் கடைசியில், ராயக்கோட்டைக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் நடந்தது இது. மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்காதவள் நான். ஒதுங்கலாம் என்றால் அந்த வருஷம் மழையும் இல்லை. கேழ்வரகு காட்டிலேயே கருகிவிட, என் வீட்டுக்காரர் மலைத்தேன் எடுக்கப் போகிறேன் என்று கிளம்பினார். அதுவரை அவர் ஏறிய உயரமெல்லாம் எங்கள் வீட்டுப் பரண்தான்.

என் அண்ணன் தேன் எடுப்பதில் பழகியவன். அவனுக்கும் இவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. ஊருக்கு வெளியே எருமை படுத்த மாதிரி ஒரு பாறை. அதில்தான் பழக்கினான். முதல் மாதம் ஆள் உயரத்துக்கு மேல் விடவே இல்லை.

"மாப்ளே, ஏறறது அப்புறம். மொதல்ல எறங்கப் பழகு. ஒரு காலத் தூக்கினா மீதி ஒரு காலும் ரெண்டு கையும் பாறையில இருக்கணும். முன்னங்கை இறுகிச்சின்னா அன்னைக்கு வேலை முடிஞ்சது, வந்துடு."

இவர் கேட்டால்தானே? அண்ணன் இல்லாத நாளிலும் போய்த் தொங்குவார். ஒரு வாரத்தில் விரல் வீங்கிப்போய்க் கஞ்சிக் குண்டானைக்கூடப் பிடிக்க முடியவில்லை.

"குண்டானே நிக்கல, பாறை நிக்குமா மாமா?" என்று கேட்டேன்.

"நீ ஏறிக் காட்டேன்டி பார்க்கலாம்" என்றார்.

ஏறிக் காட்டினேன். கஞ்சி கொண்டுபோகும்போதெல்லாம் புடவையைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு அவருக்குப் போட்டியாக ஏறுவேன், அண்ணன் சொன்னபடி பாறையைப் பார்த்தபடியே காலால் துழாவி இறங்குவேன். அண்ணன் சிரித்துக்கொண்டே, "மாப்ளே, தேனுக்கு இவள அனுப்பு, நீ கூழு காச்சு" என்பான். அந்த வம்பில் அவரும் ஒழுங்காகப் பழகினார். விரல் ஆறும்வரை சும்மா இருந்தார். சித்திரை வரும்போது தேன் கட்டும் பெரிய பாறைக்குத் தேறிவிட்டார்.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. தேனுக்கு இறங்குகிறவன் கயிற்றை மேலே பெண்டாட்டியின் உடன்பிறந்தவன்தான் பிடிக்க வேண்டும். பங்காளி பிடிக்கக் கூடாது. அவனுக்கு நிலத்தின்மேல் ஒரு கண் இருக்கும். மச்சானோ தங்கச்சி தாலிக்காக உயிரைக் கொடுத்துப் பிடிப்பான். கயிற்றுக்கு மஞ்சள் தடவிப் பூசை போடுவார்கள். அதன் பிறகு பெண்கள் தொடக் கூடாது, சாக்கு, செருப்பு எதுவும் அதன்மேல் படக் கூடாது.

இவர் தேனுக்கு இறங்கிய அன்று காலையில் பனி உலர்ந்ததும் பெரிய பாறை உச்சியில் பூசை நடந்தது. அண்ணன் கயிற்றை ஒரு மரத்தில் சுற்றி, மீதியைத் தன் இடுப்பில் சுற்றிக் குத்தவைத்து உட்கார்ந்தான். இவர் தேனீயை விரட்டப் புகையும் பந்தத்தோடு இறங்கினார். ஊரே அண்ணனின் கையைத்தான் பார்த்துக்கொண்டு நின்றது. நானும்தான்.

கீழே தேனடை பக்கவாட்டில் இருந்ததால் இவர் ஆடி ஆடி எட்டியிருக்கிறார். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கயிறு பாறை விளிம்பில் அறுபட்டிருக்கிறது. திடீரென்று அண்ணன் மல்லாந்து விழுந்தான். கயிறு மட்டும் கையில் இருந்தது, அதன் பாரம் இல்லை.

எட்டிப் பார்த்தோம். பாதிப் பாறையில் துருத்திக்கொண்டிருந்த ஒரு திட்டில் கிடந்தார். கை அசைந்தது. மேலெல்லாம் தேனீ.

அண்ணனையும் என்னையும் விட்டால் வேறு யாருக்கும் பாறையில் இறங்கத் தெரியாது. அண்ணன் எழுந்தான். ஆட்டத்துக்கு ஆட்டம் கயிறு இழுத்ததில் உள்ளங்கைத் தோல் உரிந்து தொங்கியது.

"நான் போறன்."

"இந்தக் கையோடயா? நீ ஒக்காந்து புடி, நான் போறன்" என்றேன்.

"பொம்பள கயிறத் தொடக் கூடாதும்மா" என்றார் ஒரு பெரியவர்.

"அவரு போயிட்டா அப்புறம் அந்தக் கயித்துல துணி காயப் போடறதா பெரியப்பா?"

கிணற்றில் மாடு கட்டி நீர் இறைக்கும் கவலைக் கயிற்றை ஓடிப்போய்க் கொண்டுவந்தார்கள். முழம் முழமாகத் தடவிப் பார்த்தேன். விளிம்பில் சாக்கை மடித்துப் போடச் சொன்னேன். ஒருவரும் மறுக்கவில்லை. கயிற்றை இடுப்பில் கட்டிக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, எருமைப் பாறையில் இறங்கின மாதிரியே காலால் துழாவி இறங்கினேன்.

அவர் முகம் பூசணிக்காய் மாதிரி வீங்கிக் கண் மூடியிருந்தது. ஒரு கால் திரும்பக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது.

"யாரு?" என்றார்.

"தேன் வாங்க வந்தவ. எந்திரி."

சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. அவர் இடுப்பில் பழைய கயிற்றின் மிச்சம் இருந்தது. அதன் நுனி தேய்ந்த விளக்குமாறு மாதிரி பிரிந்திருந்தது. அங்கேதான் என்ன நடந்தது என்று எனக்குப் புரிந்தது. அதை அவிழ்த்து மடியில் செருகினேன். புதுக் கயிற்றில் அவரைக் கட்டிக் கம்பளியைச் சுற்றி மேலே அனுப்பினேன். கயிறு திரும்பி வரும்வரை அந்தத் திட்டில் தனியாக உட்கார்ந்திருந்தேன். முகத்தைப் புடவையால் மூடிக்கொண்டாலும் தேனீ முதுகைக் கொட்டிக்கொண்டே இருந்தது. மேலே அவர் அலறுவது கேட்டது. அலறுகிறவரை உயிர் இருக்கிறது என்று அதையே கேட்டுக்கொண்டிருந்தேன்.

கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரியில் காலை முழங்காலுக்கு மேல் எடுத்துவிட்டார்கள். உயிர் பிழைத்தது.

ஊர் சும்மா இருக்கவில்லை. மச்சான் பிடித்த கயிறு அறுந்ததாகச் சரித்திரமே இல்லையாம். அப்படியென்றால் கையை விட்டிருக்கிறான் என்றார்கள். அறுந்த நுனியை வீடு வீடாகக் கொண்டுபோய்க் காட்டினேன். யாரும் நுனியைப் பார்க்கவில்லை, அண்ணனுக்குப் பரிந்து வருகிறாள் என்று என் முகத்தைத்தான் பார்த்தார்கள். என் வீட்டுக்காரர் கட்டிலில் கிடந்தபடியே, "மச்சான் கைய உடலடா, பாறை அறுத்துச்சி" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். தலையாட்டிவிட்டுப் போவார்கள்.

அண்ணன் ஒருநாள் வாசலில் நின்றே அவரைப் பார்த்துவிட்டுப் போனான். சாப்பிடக் கூப்பிட்டேன், உள்ளே வரவில்லை. கோலார் பக்கம் கல் உடைக்கப் போனதாகக் கேள்விப்பட்டோம். ஆள் விட்டுத் தேடினோம். அவன் திரும்பவே இல்லை.

என் அண்ணனை நம்பியதில் எங்களுக்கு ஒரு பிசகும் இல்லை; அவன் இருக்கிறானே என்று அந்த விளிம்பை ஒருவர்கூடக் குனிந்து பார்க்காமல் விட்டோமே, அதைத்தான் இந்த வயதிலும் என்னால் செரிக்க முடியவில்லை.