கவுன்சிலர் தெருவுக்குப் போன வறுவல் வண்டி

மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் மாலை என் மனைவியின் வலது காலில் பாட்டில் சில்லு ஏறியது. சர்க்கரைக்காக டாக்டர் சொன்ன நடைக்குத்தான் எங்கள் சந்தில் இறங்கியிருந்தாள். ரப்பர் செருப்பைத் துளைத்துக்கொண்டு போன கண்ணாடியை அவள் கால் உணரவே இல்லை. கூடத்தில் ரத்தத் தடத்தைப் பார்த்து நான்தான் கத்தினேன். மாசி பிறப்பதற்குள் சுண்டுவிரலை எடுத்துவிட்டார்கள். அதன்பிறகு அவள் வாசற்படியைத் தாண்டவில்லை.

அந்தச் சில்லு வந்த வழியை என்னால் வரிசையாகச் சொல்ல முடியும். முதலில் மதுக்கடையோடு இருந்த பாரை மூடினார்கள். குடிப்பவர்கள் மேம்பாலத்தடிக்குப் போனார்கள். போலீஸ் விரட்டியதும் கவுன்சிலர் தெருவில் உட்கார்ந்தார்கள். அவர் ஒரே வாரத்தில் அவர்களை எங்கள் சந்துக்குத் தள்ளினார். எதிரியை ஆற்றின் மறுகரைக்குத் துரத்திவிட்டு, வெற்றி என்று கல்லில் வெட்டிக்கொண்ட ராஜாக்களைப் பற்றி நிறையப் படித்திருக்கிறேன். ஆம்பூரில் குடியைக் கட்டுப்படுத்துவதும் அந்த வகைதான்.

அவர்கள் உட்கார வேறு இடம் ஒதுக்கச் சொல்லிக் கவுன்சிலரிடம் போனேன். டீ கொடுத்தார்.

"பாவம் சார், நாள் பூரா தோல் டேனரில நின்னுட்டு வர்றவங்க. எங்கயாவது குடிச்சிட்டுப் போவட்டும், விடுங்க. ஊர்ல வேற எடம் ஏது? உங்க சந்துல வீடும் கம்மி."

விரல் போனவள் அந்தக் கம்மியான வீடுகளில் ஒன்றில் இருந்தாள். டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்தேன்.

முதலில் குடிப்பவர்களைப் பழிவாங்க நினைத்தேன். என் மச்சான் வேலை பார்க்கும் டேனரியிலிருந்து, தோலில் சுரண்டியெடுத்த சதைக் கழிவை ஒரு வாளி வாங்கிவந்து, அவர்கள் உட்காரும் சுவரோரம் கொட்டினேன். ஜன்னலுக்குப் பின்னால் நின்று காத்திருந்தேன். வந்தார்கள், உட்கார்ந்தார்கள், மூடியைத் திருகினார்கள்.

"இன்னா தோஸ்த், இங்கயும் ஓவர்டைமா?" என்றான் ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள். இன்னொருவன் என் ஜன்னலைப் பார்த்துக் கையை ஆட்டினான்.

"சார், இதுல தான் சார் நாங்க தெனம் நிக்கிறோம். நாத்தத்துக்கெல்லாம் போவ மாட்டோம். அக்கா வண்டி எங்கயோ, நாங்களும் அங்கதான். வறுவல் இல்லாம எறங்காது!"

சோறு இறங்காமல் போனது எங்களுக்குத்தான். ஆனால் அவன் சொன்னது என் காதில் நின்றது.

அக்கா என்பவள் சந்து முனையில் குடல் வறுவல் விற்பவள். மறுநாள் அடுப்பு மூட்டும் நேரத்தில் அவளிடம் போனேன்.

"ஏம்மா, மெயின் ரோட்டுல ஏன் நிக்கறதில்ல?"

"போலீஸ் பேஜார் சார். தட்டத் தூக்கி எறியறாங்க."

"கவுன்சிலர் வீட்டு முன்னாடி நில்லு. தண்ணிக் குழாய் இருக்கு, லைட்டு இருக்கு. அங்க எந்த போலீசும் வராது."

"அவரு தொரத்துவாரே?"

"அவரா? குடிக்கறவங்க பாவம், விடுங்கன்னு என்கிட்டயே சொன்னாரு. கேட்டா அதையே சொல்லு."

அவள் போனாள். வாசனை பிடித்து அத்தனை பேரும் பின்னாலேயே போனார்கள். சித்திரை வெயிலில் எங்கள் சந்து காலியாகக் கிடந்தது. அவர் சொன்னதையே அக்கா எல்லோரிடமும் சொல்லிவிட்டதால், இந்த முறை விரட்டினால் ஓட்டுப் போகும் என்று கவுன்சிலர் பல்லைக் கடித்துக்கொண்டிருந்ததாகக் கேள்வி. கடைசியில் எனக்குப் போன் செய்தார்.

"சார், அந்தம்மாகிட்ட கொஞ்சம் சொல்லக் கூடாதா? பேரன சைக்கிள் எடுத்துக்கினு வெளிய வுட முடியல."

"பாவம் தலைவரே. எங்கயாவது குடிச்சிட்டுப் போவட்டும், விடுங்க" என்றேன்.

அன்று மாலை மனைவியிடம் சொன்னேன். கேட்டுவிட்டு அலமாரியிலிருந்து ஷூவை எடுத்தாள். ஷூ கம்பெனியில் சாம்பிள் தைக்கும் பக்கத்து வீட்டு பாய், அவள் காலை அளவெடுத்து, விரல் இல்லாத இடத்தில் பஞ்சு வைத்துத் தைத்துக் கொடுத்தது. அதுவரை அவள் அதைப் போட்டதில்லை.

"அந்தத் தெருவுக்குப் போலாம்" என்றாள்.

கவுன்சிலர் வாசலில் குனிந்து சில்லுகளைக் கையால் பொறுக்கிக்கொண்டிருந்தார். அவள் அவர் எதிரே நின்றாள்.

"பாத்துப் பொறுக்குங்க. சின்னது கண்ணுக்குத் தெரியாது."

அவர் நிமிர்ந்து அவள் காலைப் பார்த்தார்.

ஆடி மாதம் மதுக்கடைக்குப் பின்னால் இருந்த பழைய கிடங்குக்குத் தகரக் கூரை, விளக்கு, பாட்டில் போட டிரம் எல்லாம் வந்தன. வண்டியும் அங்கே போனது. நான் கேட்டபோது ஊரில் இல்லாத இடம் அது.

எங்கள் சந்தில் இப்போது ஒரு சில்லும் இல்லை. ஆனாலும் தினமும் கவுன்சிலர் தெரு வழியாகத்தான் நடக்கிறோம். அவர் வீட்டெதிரே அவள் நின்று, அவிழாத ஷூ நாடாவை அவிழ்த்துக் கட்டுவாள். நான் அவசரப்படுத்துவதில்லை.