கல்யாண ரோலின் முதல் படம்

"மாப்பிள வாறத்துக்கு முதல் புள்ளயப் படமெடுக்கணும், தம்பி. வெள்ளென வாங்க" என்று மணப்பெண்ணின் வாப்பா சொல்லியிருந்தார். யுத்தம் நடந்த தொண்ணூறுகளில், இலங்கையின் கல்முனையில் நான் கல்யாணப் படம் எடுத்துவந்தேன். விடிகாலைச் சுபஹு தொழுதுவிட்டு, கேமராவில் புது பிலிம் ரோலைப் போட்டுக்கொண்டு சைக்கிளில் கிளம்பினேன்.

சோதனைச் சாவடியில் என் பையைத் திறந்த சிங்களச் சிப்பாய், வயர் தொங்கிய பிளாஷைக் கண்டதும் குண்டோ என்று மிரண்டு துவக்கை நீட்டினான்.

"இது என்ன?"

"படமெடுக்கிற லைட்டு, மாத்தயா."

"காட்டு."

பயத்தில் எனக்கு யோசனையே ஓடவில்லை. பிளாஷைக் கேமராவில் மாட்டி, அவன் முகத்துக்கு நேரே பட்டனை அமுக்கிவிட்டேன். வெளிச்சம் பளீரென்று அடித்தது. சுடுவதற்குத் துவக்கை இழுக்கும் சத்தம் சடக்கென்று கேட்டது. கண்ணை இறுக மூடிக்கொண்டு கலிமாவைச் சொன்னேன்.

"போ" என்ற அவன் குரல் கேட்டுத்தான் கண்ணைத் திறந்தேன்.

பிறகு போய் மணப்பெண்ணைப் படமெடுத்தேன். ரோலைக் கழுவியபோது முதல் படத்தில் அந்தச் சிப்பாய் நின்றான். மீசைகூடச் சரியாக முளைக்காத முகம். என்னைப் போலவே அவனும் கண்ணை இறுக மூடியிருந்தான்.

அந்தப் படத்தைக் கிழித்துப்போட இன்றுவரை எனக்கு மனம் வரவில்லை.