குதிரையின் பெயரையும் சேர்க்கச் சொன்னவர்

ஸ்டெல்லா மேடம் இறந்த செய்தி வந்தபோது நான் நீதிமன்ற வராந்தாவில் என் வழக்கைக் கூப்பிடுவதற்காகக் காத்திருந்தேன். வழக்கறிஞர்களின் வாட்ஸ்அப் குழுவில், யாரோ தொலைத்த கழுத்துப்பட்டையைப் பற்றிய தகவலுக்குக் கீழே, காக்ஸ் டவுன் ஸ்டெல்லா அருள்தாஸ் இன்று காலை மாரடைப்பால் காலமானார் என்றிருந்தது. போனைப் பைக்குள் வைத்தேன். மறுபடி எடுத்துப் படித்தேன். அதற்குள் என் வழக்கைக் கூப்பிட்டார்கள். உள்ளே போய் வாய்தா வாங்கிக்கொண்டு வந்தேன். அதற்கு என்ன காரணம் சொன்னேன் என்பது இப்போது நினைவில்லை.

இரங்கல் கூட்டத்தில் என்னைப் பேசச் சொன்னார்கள். குதிரையேற்றச் சங்கத்துக்காக அவர் ஆஜரான காலத்தில் எதிர்த்தரப்பில் நின்றவன் என்பதால் என்னைக் கூப்பிட்டிருக்கலாம். நன்றாகப் பேசினாய் குமரேசன் என்று நாலு பேர் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அங்கே பேசாமல் விட்டதை, அவரை அறிந்த சக வழக்கறிஞர்களான உங்களிடம் எழுதிச் சொல்லிவிடுகிறேன்.

அந்த வழக்கில் என் கட்சிக்காரி திவ்யா. அவள் அப்பா அடுகோடியில் லேத் பட்டறை வைத்திருக்கிறார். குதிரையில் தடை தாண்டும் பந்தயத்தில் திவ்யா வெளிநாட்டுப் போட்டிக்கான தகுதிச் சுற்றுகளில் தேறியவள். சுற்றுகள் எல்லாம் முடிந்த பிறகு சங்கம் தேர்வு விதியை மாற்றி அவள் பெயரை எடுத்துவிட்டது. அதை எதிர்த்து நான் ரிட் மனு போட்டேன். அதுவரை கல்யாண ஊர்வலத்தில்தான் குதிரையைப் பக்கத்தில் பார்த்திருக்கிறேன். ஓட்டப்பந்தயத்துக்கு ஆள் எடுப்பது மாதிரிதான் இதுவும் என்று நினைத்து, மனுதாரரை அணியில் சேர்க்க உத்தரவிட வேண்டும் என்று கோரிக்கையை முடித்துவிட்டேன். அந்த விளையாட்டில் ஆளும் குதிரையும் சேர்ந்த ஜோடியைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். திவ்யா தேறியது கஸ்தூரி என்ற குதிரையின் மேல். வேறு குதிரையில் ஏறினால் அவளுக்கு அந்தத் தகுதி கிடையாது. என் கோரிக்கையில் கஸ்தூரியின் பெயரே இல்லை.

வழக்கு எங்கள் பக்கம் திரும்பியது. நீதிபதி உத்தரவைச் சொல்லச் சொல்ல ஸ்டெனோ எழுதிக்கொண்டிருந்தார். குதிரைகளைப் பதிவு செய்யும் கெடு அன்று மாலையோடு முடிகிறது. ஸ்டெல்லா மேடத்துக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த சங்கச் செயலாளரின் முகத்தில் தோற்றுப்போன வாட்டம் கொஞ்சமும் இல்லை. விஷயம் அவருக்குத் தெரிந்திருந்தது. அந்த உத்தரவை அப்படியே வாங்கிக்கொண்டு போயிருந்தால் திவ்யா அணியில் இருப்பாள், ஏறுவதற்குக் குதிரை இருக்காது.

அப்போது ஸ்டெல்லா மேடம் எழுந்தார். குதிரையின் பெயரையும் சேர்க்க வேண்டும் மை லார்ட், இல்லாவிட்டால் இந்த உத்தரவால் யாருக்கும் பயனில்லை என்றார். நீதிபதி என்னைப் பார்த்தார். நான் என் மனுவைப் பார்த்தேன். செயலாளர் பின்னாலிருந்து அவருடைய கவுனைப் பிடித்து இழுத்தார். அவர் திரும்பவில்லை. கஸ்தூரியின் பெயர் உத்தரவில் ஏறியது.

கேன்டீனில் போய், ஏன் மேடம் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன்.

"என் கிளையண்ட் அசோசியேஷன்ப்பா, செக்ரட்டரி இல்ல. டீம்ல ஒரு எடம் காலியாப் போனா அசோசியேஷனுக்கு என்ன லாபம், நீயே சொல்லு" என்றார். பிறகு காபியை ஆற்றிக்கொண்டே, "நீ மொதல்ல ஒரு நாள் லாயத்துக்குப் போய் குதிரையப் பாத்துட்டு வா. ஒண்ணும் கடிக்காது" என்றார்.

திவ்யா போட்டிக்குப் போனாள். இரண்டாவது தடைக்கு முன்னால் கஸ்தூரி நின்றுவிட்டது. சுற்றிக் கொண்டுவந்து மறுபடி ஓட்டியும் தாண்டவில்லை. வெளியேற்றிவிட்டார்கள். இதற்காகவா மேடம் இவ்வளவும் என்று நான் அலுத்துக்கொண்டபோது அவர் சொன்னார்: "தாண்டலன்னா அது அவங்க ரெண்டு பேரோட பாடு. போகவே விடலன்னா அது நம்ம பாவம்."

கட்சிக்காரருக்குத் துரோகம் செய்துவிட்டார் என்று பேசியவர்கள் நம்மில் உண்டு. நான் இன்றும் மனதுக்குள் இரண்டு பக்கமும் வாதாடிப் பார்க்கிறேன். ஒரு நாள் அவர் ஜெயிக்கிறார், மறுநாள் அவர்கள் ஜெயிக்கிறார்கள்.

அந்த மாதமே சங்கம் அவரிடமிருந்து எல்லாக் கோப்புகளையும் வாங்கிக்கொண்டது. இது உங்களுக்குத் தெரியும். அவை என்னிடம் வந்ததும் தெரியும். எப்படி வந்தன என்பது தெரியாது. செயலாளர் ஜோகுபாளையத்தில் இருக்கும் என் அலுவலகத்துக்கு வந்து உட்கார்ந்து, "அந்தம்மா மாதிரி எதிர்க்கட்சிக்கு எடுத்துக் குடுக்க மாட்டீங்க இல்ல?" என்று கேட்டார்.

"மாட்டேன் சார்" என்றேன்.

யோசிக்கக்கூட இல்லை. என் கட்சிக்காரியைக் காப்பாற்றிய காரியத்தை நான் ஒருநாளும் செய்ய மாட்டேன் என்று சொல்லித்தான் மேடத்தின் வேலையை வாங்கினேன். எழுதும்போதே வெட்கமாக இருக்கிறது.

கொஞ்ச நாள் கழித்து நீதிமன்றப் படிக்கட்டில் மேடம் எதிரே வந்தார். "ஃபைலெல்லாம் உங்கிட்ட வந்துடுச்சாமே? நல்லதாப் போச்சு. லாயத்துக்குப் போனியா இல்லியா?" என்று கேட்டார். நான் சிரித்து மழுப்பினேன். செயலாளரிடம் மாட்டேன் என்றதைச் சொல்லிவிடலாம் என்று வாய் வரை வந்தது. அவர் அவசரமாக இருக்கிறார் என்று நானே ஒரு காரணம் கண்டுபிடித்து இறங்கிப் போய்விட்டேன். அதற்குப் பிறகு வருடக்கணக்கில் அதே படிக்கட்டில் பார்த்துக்கொண்டோம். ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு காரணம் கிடைத்தது.

அடக்கம் முடிந்து, கல்லறைத் தோட்டத்தின் வாசலிலேயே நின்று செயலாளருக்குப் போன் போட்டேன். "அன்னைக்கு மாட்டேன்னு சொன்னேனே சார், அத வாபஸ் வாங்கிக்கிறேன். அந்த மாதிரி வந்தா நானும் எழுந்து சொல்லுவேன். வேணும்னா ஃபைல எடுத்துக்குங்க."

"எத சொல்றீங்க குமரேசன்?" என்றார்.

எல்லாவற்றையும் ஞாபகப்படுத்தினேன். அவருக்கு எதுவும் நினைவில்லை. அப்படியொன்றைக் கேட்டதே மறந்துபோயிருந்தது. "அடடா, இதெல்லாமா மனசுல வெச்சிட்டிருக்கீங்க" என்று சிரித்தார்.

மேடம் எழுந்து நின்ற அந்த நிமிடத்தைப் பத்திரமாக வைத்திருக்கிறேன் என்று கூட்டத்தில் சொன்னேன், நீங்களும் தலையசைத்தீர்கள். என்னிடம் இருப்பது அது இல்லை. அந்த 'மாட்டேன் சார்'தான். அதைக் கேட்டு வாங்கியவர் மறந்துவிட்டார். மன்னித்திருக்கக்கூடியவர் போய்விட்டார். இனி அது என்னிடமே இருக்கும்.