அப்பாவின் காலும் முன்சக்கர பிரேக்கும்

ஸ்ரீரங்கத்தில் பிறந்து வளர்ந்தவள் செய்யக்கூடாத தப்பு அது. சுவாமி புறப்பாடு என்றைக்கு என்று பார்க்காமல், வீட்டு வாசலில் காரை ஜாக்கியில் ஏற்றிவிட்டேன்.

"எட்டு மணிக்கு பெருமாள் இந்த வழியா ஏளறார். நீ சக்கரத்தைக் கழட்டிப் போட்டுண்டு உட்கார்ந்திருக்கியேம்மா?" என்று எதிர்வீட்டு மாமா கேட்டபோது மணி ஏழேகால். இடதுபக்கம் முடிந்திருந்தது. வலதுபக்கச் சக்கரம் தரையில் கிடந்தது.

ஒரு வாரமாகவே பிரேக் பிடித்தால் முன்னால் கீச்சிட்டது. சக்கரத்தின் டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பேட் தேய்ந்துவிட்டது. மெக்கானிக்கிடம் விடலாம் என்றார் அப்பா. நான் மெக்கானிக்கல் படித்தவள், வேலையோ முழுக்க கம்ப்யூட்டர் திரையில். நானே மாற்றுகிறேன் என்று சொல்லி பேட் வாங்கி வந்தேன். போனில் பதினொரு வரியில் பட்டியல் போட்டுக்கொண்டேன்.

அந்தப் பிடிவாதத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது. அப்பாவுக்குப் பதினைந்து வருடமாகச் சர்க்கரை. பாதத்தில் உணர்ச்சி குறைந்துகொண்டே வருகிறது. போன மாதம் மார்க்கெட்டிலிருந்து ஒற்றைச் செருப்போடு வந்தார். மற்றது எங்கே கழன்றது என்று அவருக்கே தெரியவில்லை. அந்தக் காலோடுதான் கார் ஓட்டுகிறார். கே.கே. நகரில் இருக்கும் அக்கா தினமும் போனில், "நீதானே கூட இருக்க, சாவியை வாங்கி வை" என்பாள். ஆறு மாதமாக அதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. பிரேக்காவது சரியாக இருக்கட்டும் என்று நினைத்தேன்.

மாமா சொன்னதும் கை பறந்தது. பேடைத் தள்ளும் பிஸ்டனை கிளாம்ப் வைத்து உள்ளே அழுத்தினேன், புது பேட்களைப் பொருத்தினேன், அவற்றின் மேல் காலிப்பரை மூடி போல்ட்டுகளை இறுக்கினேன், சக்கரத்தை மாட்டினேன். அதற்குள் கூட்டத்தை ஒதுக்கக் கயிற்றோடு வந்த இளைஞர்கள், "அக்கா, வண்டியை எடுங்க, வண்டியை எடுங்க" என்று தெரு முழுக்கக் கேட்கும்படி சொல்லிக்கொண்டே போனார்கள். ஜாக்கியை இறக்கி, சாமான்களை அள்ளிக்கொண்டு உள்ளே ஓடினேன். கை கழுவும்போது எஞ்சின் சத்தம் கேட்டது.

அப்பா உதவி செய்ய நினைத்திருக்கிறார்.

பட்டியலில் பதினொன்றாவது வரி மிச்சமிருந்தது: பெடலை நாலைந்து முறை மிதித்துவிட்டுத்தான் வண்டியை எடுக்கவேண்டும். பிஸ்டன் உள்ளே போயிருப்பதால் முதல் மிதியில் பெடல் அடிவரை இறங்கிவிடும், பிரேக் பிடிக்காது. இது எனக்குத் தெரியும். அப்பாவிடம் சொல்லவில்லை.

ஈரக் கையோடு வாசலுக்கு வருவதற்குள் கார் பத்தடி உருண்டிருந்தது. நீர்மோர்ப் பந்தலுக்குப் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலி மேல் மோதி, அப்பா இழுத்த ஹேண்ட் பிரேக்கில் குலுங்கி நின்றது. நாற்காலியின் கால் ஒன்று முறிந்தது. யாரும் அதில் உட்கார்ந்திருக்கவில்லை.

"நாற்காலி போனாப் போறது, விடுங்கோ" என்றார் மாமா.

அப்பா இறங்கினார். முகம் வெளுத்திருந்தது. "மிதிச்சேம்மா. கால் எங்க போச்சுன்னே தெரியல" என்றார். சாவியை என் கையில் வைத்தார். "நீயே வச்சுக்க. அக்காகிட்டயும் சொல்லிடு, நான் இனிமே ஓட்டலன்னு."

நான் வாங்கிக்கொண்டேன்.

பெடலை நான்கு முறை மிதித்து, காரைப் பக்கத்துச் சந்தில் கொண்டுபோய் நிறுத்தினேன். திரும்பி வந்தபோது மேளச் சத்தம் வீதி முனைக்கு வந்துவிட்டது. வழக்கமாக முன்வரிசையில் நிற்கும் அப்பா அன்று சுவரோரமாக நின்றார். பெருமாள் எங்கள் வாசலுக்கு வந்தபோது கை கூப்பினார், ஆனால் பார்வை கீழே இருந்தது. வலதுகால் விரல்களைத் தரையில் அழுத்துவதும் எடுப்பதுமாக இருந்தார்.

ஆறு மாதமாக வேண்டியது கைக்கு வந்துவிட்டது. சண்டை இல்லை, அழுகை இல்லை. அக்காவுக்கு, 'அப்பா சாவி குடுத்துட்டாங்க' என்று டைப் செய்தேன். அனுப்பவில்லை. உள்ளே போனேன், தண்ணீர் குடித்தேன், வெளியே வந்தேன், மறுபடியும் உள்ளே போனேன். அப்பாவுக்குத் தோசை வார்த்துக் கொடுத்தேன். ஒன்று சாப்பிட்டுவிட்டுப் போதும் என்றார்.

"அப்பா, உங்க கால் இல்லப்பா. தப்பு என்னோடது. பேட் மாத்தினா பெடலை மிதிச்சு விடணும். நான் மிதிக்கல."

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. "சரிம்மா. மனசு கஷ்டப்படும்னு சொல்ற. எனக்குத் தெரியாதா?"

"நிஜமாப்பா."

"செருப்பு கழண்டதும் உன் தப்பா?"

அதற்கு மேல் பேசிப் பயனில்லை. ஜாக்கியையும் ஸ்பானரையும் கிளாம்பையும் எடுத்துக்கொண்டு, "சந்துக்கு வாங்க" என்றேன். வரமாட்டேன் என்றார். "அஞ்சு நிமிஷம்" என்றேன். அரைமணி ஆனது.

வலதுபக்கச் சக்கரத்தை மறுபடி கழற்றினேன். காலிப்பரைத் தூக்கி, பிஸ்டனை உள்ளே தள்ளி, பழையபடி பொருத்தினேன். அப்பாவை டிரைவர் சீட்டில் உட்காரவைத்தேன்.

"மிதிங்க."

மிதித்தார். பெடல் ஏறக்குறைய மேட் வரை இறங்கியது. கதவு வழியாக என்னைப் பார்த்தார்.

"மறுபடி."

பாதியில் நின்றது. மூன்றாவது மிதியில் இன்னும் மேலே. நான்காவதில், "கெட்டியா இருக்கு" என்றார். ஐந்தாவது முறை அவராகவே மிதித்தார்.

பிறகு குரல் உயர்ந்தது. "படிச்ச பொண்ணு! அந்தச் சேர்ல மாமா உட்கார்ந்திருந்தா என்ன பண்ணியிருப்ப?"

"தெரியலப்பா."

"சொல்ல வேண்டாமா? ஒரு வார்த்தை!"

"சொல்லியிருக்கணும்."

சாவியை நீட்டினேன். "இன்னிக்கு நடந்தது உங்க கால் இல்ல. ஆனா அந்தக் காலை டாக்டர்கிட்ட காட்டணும். அது தனி விஷயம். அவர் ஓட்டக்கூடாதுன்னு சொன்னா, அப்ப குடுங்க."

அப்பா சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "வியாழக்கிழமை போவோம். நான்தான் ஓட்டுவேன். நீ பக்கத்துல உட்காரு."

வேண்டாம் என்று சொல்ல நினைத்தேன். "ஹேண்ட் பிரேக் பக்கம் என் கை இருக்கும்" என்று மட்டும் சொன்னேன்.

"வச்சுக்க."

சக்கரத்தை மாட்டுவதற்கு முன் பேட் எங்கேயாவது உரசுகிறதா என்று டிஸ்க்கைத் திருப்பிப் பார்த்தேன். அசையவில்லை. இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். அசையவே இல்லை. எட்டிப் பார்த்தேன். அப்பா இன்னும் பெடலிலிருந்து காலை எடுக்காமல் மிதித்துக்கொண்டிருந்தார்.