வாய் பேசாதவருக்கு வாங்கிய ரிமோட்

நூரிஸுக்குக் கோபம் வந்துவிட்டதா என்று அறிய அவள் முகத்தைப் பார்க்க வேண்டாம், எண்ணெய்ச் சட்டியில் கரண்டி மோதும் சத்தமே போதும் என்பார்கள் அந்தத் தெருக்காரர்கள். வீட்டு வாசலில் அடுப்பு வைத்து, மாவுக்குள் கறி வைத்து மடித்த எம்பனாடா பொரித்து விற்கிறவள் அவள். சந்தியாகோவில் பாதி ஊர் தன் கையால்தான் பசியாறுகிறது என்று பெருமையடித்துக்கொள்வாள். பாதி ஊர் இல்லை, பாதித் தெரு. அதுவே பெரிய விஷயம்தான்.

உள்ளே, சன்னலோரம் சக்கர நாற்காலியில் அவள் கணவர் பெர்சியோ. காலமெல்லாம் தலைநகர் சாந்தோ தொமிங்கோவுக்குப் பஸ் ஓட்டியவர். வழி நெடுக ஹாரனும் ஓயாது, அவர் வாயும் ஓயாது. பக்கவாதம் வந்தது, வலப்பக்கத்தையும் பேச்சையும் சேர்த்துக் கொண்டுபோய்விட்டது. மிஞ்சியது இடது கை. அதன் விரல்களில் சொன்ன பேச்சுக் கேட்பது கட்டைவிரல் ஒன்றுதான். அந்தக் கட்டைவிரலுக்குக் கீழே எப்போதும் ஒரு ரிமோட் இருக்கும்.

உங்களுக்கும் எனக்கும் ரிமோட் என்றால் சேனல் மாற்றுகிற சாமான். பெர்சியோவுக்கு அதுதான் வாய். சத்தத்தைச் சட்டென்று ஏற்றினால், 'நூரிஸ், இங்கே வா' என்று அர்த்தம். சத்தத்தை அறவே நிறுத்தினால் தண்ணீர் வேண்டும். பாஸ்டர் பிரசங்கம் செய்கிற சேனலை வைத்தால் கழிப்பறைக்குப் போக வேண்டும். சன்னல் வழியே அந்தப் பாஸ்டரின் குரல் கேட்டால் போதும், நூரிஸ் போட்டது போட்டபடி ஓடுவாள்.

"அல்லேலூயா! தோன்யா நூரிஸ், ஓடுங்க, ஓடுங்க!" என்று எம்பனாடாவுக்கு நிற்பவர்கள் கத்துவார்கள். தோன்யா என்றால் அந்த ஊரில் அம்மா. வாசலே சிரிக்கும். உள்ளே பெர்சியோவும் பாதி வாயால் சிரிப்பார்.

அந்த வீட்டில் டிவி ஒரு கம்பெனி, கேபிள் பெட்டி இன்னொரு கம்பெனி, நியூயார்க்கிலிருந்து மகள் அனுப்பிய ஒலிபெருக்கி வேறொரு கம்பெனி. ஒற்றைக் கட்டைவிரல் எத்தனை ரிமோட்டைத்தான் தேடும்? விடுமுறைக்கு வந்த மகள் எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு யுனிவர்சல் ரிமோட் வாங்கி, ஒவ்வொரு சாமானுக்கும் உரிய குறியீட்டு எண்ணை அதில் அழுத்திப் பழக்கிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள்.

அப்புறம் ஒருநாள் கரண்ட் போயிற்று. இந்த ஊரில் கரண்ட் போவதெல்லாம் ஒரு செய்தியா? எல்லா வீட்டிலும் செய்வதைத்தான் நூரிஸும் செய்தாள். ரிமோட்டிலிருந்து பேட்டரியைக் கழற்றி டார்ச்சில் போட்டாள். கரண்ட் வந்ததும் எடுத்த இடத்தில் திருப்பிப் போட்டாள். ரிமோட் சகலத்தையும் மறந்துபோயிருந்தது! பேட்டரியைக் கழற்றினால் ஞாபகமும் போய்விடும் என்று அந்த அட்டைப்பெட்டியில் எவனாவது ஒரு வரி எழுதியிருந்தானா? படமாகப் போட்டிருந்தான், பல்லைக் காட்டிச் சிரிக்கிற குடும்பப் படம்.

ஊரின் மறுகோடியில் செல்போன் கடையில் வேலை செய்யும் மகன் ஃபௌஸ்தோவைக் கூப்பிட்டாள்.

"பேட்டரியை யாரும்மா கழட்டச் சொன்னா? சின்னப் புள்ளையா நீ?"

"இருட்டுல உங்கப்பனைத் தடவித் தடவியாடா பாக்கறது?"

"சரி சரி, விடு. நானே நல்லதா ஒண்ணு வாங்கிட்டு வரேன். உசத்தி சாமானா."

சனிக்கிழமை கூட்டாளிகளோடு வந்து இறங்கினான். கையில் கறுப்பாக, சின்னத் தட்டு மாதிரி ஒரு வஸ்து. திருப்பித் திருப்பிப் பார்த்தும் நூரிஸுக்கு அதில் அழுத்துகிற இடமே தெரியவில்லை.

"பட்டனே கிடையாதும்மா! அதான் விசேஷம். வாயால சொன்னாப் போதும்."

நூரிஸ் அவனையே பார்த்தாள். "உங்கப்பா என்னடா செய்வாரு?"

"நீதான் இருக்கியே. அவருக்கு வேணுங்கிறதை நீ சொல்லு."

கேட்டீர்களா நியாயத்தை! பேச முடியாத மனிதனுக்குப் பேசி இயக்குகிற ரிமோட். அதைச் செய்தவனுக்குத்தான் தோன்றவில்லை, விற்றவனுக்குத்தான் தோன்றவில்லை, பெற்ற பிள்ளைக்குமா தோன்றாது? அதோடு விட்டானா, பழைய ரிமோட்டுகளையெல்லாம் குப்பை என்று பையில் வாரிக் காரில் போட்டுவிட்டான்.

வாயைத் திறந்து நாலு கேட்கலாம் என்று நூரிஸ் நினைப்பதற்குள் வாசலிலிருந்து கூப்பிட்டுவிட்டார்கள். அடுப்புக்குப் போனாள். அதற்குள் செய்தி பரவி அக்கம்பக்கம் முழுக்க உள்ளே நுழைந்துவிட்டது.

"பேஸ்பால் போடு!" என்றான் ஒருவன். டிவி போட்டது. எல்லோரும் கைதட்டினார்கள்.

"மெரெங்கே பாட்டுப் போடு!"

"சத்தத்தைக் கூட்டு!"

"டேய், எனக்கு விடுங்கடா, நான் ஒரு தடவை சொல்றேன்!"

நூரிஸ் பொரித்துக்கொண்டே பழக்கதோஷத்தில் சன்னல் பக்கம் காதை வைத்திருந்தாள். பாஸ்டர் குரல் வரவேயில்லை. மனுஷன் கூட்டத்தைப் பார்த்துக் குஷியாக இருக்கிறார் போலும் என்று நினைத்துக்கொண்டாள். இந்த நினைப்பை நினைத்து அப்புறம் எத்தனை தடவை தலையில் அடித்துக்கொண்டாளோ!

உள்ளே வந்தபோது பெர்சியோவின் கட்டைவிரல் நாற்காலியின் கைப்பிடியை அழுத்திக்கொண்டிருந்தது. வெறும் மரத்தை, விடாமல், திரும்பத் திரும்ப. காற்சட்டை நனைந்திருந்தது. தரையெல்லாம் ஈரம். அவரைச் சுற்றி நின்று அத்தனை பேரும் டிவியைப் பார்த்துக் கூச்சல் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் வீடு, அவர் டிவி, அவரைத் தவிர ஊரில் இருக்கிற எல்லோருடைய பேச்சையும் அது கேட்டது.

"வெளிய போங்க! எல்லாரும் வெளிய போங்கடா!" என்று நூரிஸ் கத்தினாள். கையிலிருந்த கரண்டியைப் பார்த்துவிட்டு ஃபௌஸ்தோவின் கூட்டாளிகள் முதலில் ஓடினார்கள். ஃபௌஸ்தோவும் போனான், "கத்துக்கிட்டா சரியாயிடும்மா" என்று வாசலில் நின்று ஒரு உபதேசத்தைச் சொல்லிவிட்டு.

அவரைக் கழுவி, துடைத்து, வேறு துணி மாற்றிவிட்டாள். பெர்சியோ அவள் முகத்தைப் பார்க்கவேயில்லை. "கெழவா, இங்க பாரு" என்றாள். பார்க்கவில்லை.

திங்கட்கிழமை அடுப்பு மூட்டவில்லை. பெர்சியோவுக்குச் சட்டை மாட்டி, தலை சீவி, நாற்காலியைத் தள்ளிக்கொண்டு, ஃபௌஸ்தோ அந்தத் தட்டை வாங்கிய கடைக்கே போனாள்.

கடைக்காரன் பெர்சியோவின் தலைக்கு மேலாக அவளிடம் கேட்டான். "அவருக்கு என்ன மாதிரி வேணும் தோன்யா?"

"அவருகிட்டயே கேளேன். காது நல்லாத்தான் கேக்குது."

அவன் அசடு வழிந்தான். வயதானவர்களுக்கென்றே செய்தது என்று ஒன்றை எடுத்தான். பெரிய பெரிய பட்டன், மொத்தமே அரை டஜன்கூட இல்லை, பாஸ்டர் சேனலுக்குப் போக எண்களே கிடையாது. வயசாகிவிட்டால் மனிதனுக்கு அவ்வளவுதான் தேவை என்று எவன் முடிவு செய்தான்? பெர்சியோ அதை மடியில் நழுவவிட்டார். அடுத்தது கண்ணாடி மாதிரி வழவழவென்று இருந்தது. விரல் எங்கே இருக்கிறதென்று விரலுக்கே தெரியவில்லை. அதுவும் நழுவியது.

மூலையில் தூசி படிந்து ஒன்று தொங்கியது. கறுப்பு, அசிங்கம், மேடுமேடாக ரப்பர் பட்டன்கள். கையில் வைத்ததும் கட்டைவிரல் மேலும் கீழும் போய் வந்தது. அதைப் பெர்சியோ விடவில்லை.

கடைக்காரன், நூரிஸ் வீட்டுச் சாமான்களின் எண்களைத் தேடி அழுத்தினான், கடை டிவிக்கும் சேர்த்து. "முடிஞ்சுது தோன்யா."

"பேட்டரியைக் கழட்டு."

"எதுக்கு?"

"கழட்டுப்பா, சொல்றேன்ல."

கழற்றினான். நூரிஸ் நாற்காலி ஒன்றை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, பிளாஸ்கிலிருந்து காப்பியை ஊற்றினாள். பெர்சியோவுக்கு ஒரு வாய், தனக்கு ஒரு வாய். கடைக்காரன் நெளிந்தான்.

"இன்னும் எவ்வளவு நேரம் தோன்யா?"

"எங்க தெருவுல கரண்ட் எப்ப வரும்னு யாராச்சும் சொல்லிட்டா போறாங்க? நீயும் உக்காரு."

காப்பி தீர்ந்தது. பேட்டரியைத் திருப்பிப் போடச் சொன்னாள். பெர்சியோ அழுத்தினார். கடை டிவி அலறிய அலறலில் தெருவில் போனவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். "இந்தா இருக்கேன் கெழவா, வந்துட்டேன்!" என்றாள் நூரிஸ். அன்றைக்குத்தான் அவர் அவள் முகத்தைப் பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஃபௌஸ்தோ வந்தான். புது ரிமோட்டைப் பார்த்ததும் முகம் தொங்கிப்போயிற்று. அப்பாவுக்கும் டிவிக்கும் நடுவில் நின்றுகொண்டு ஆரம்பித்தான்.

"தேடித் தேடி வாங்கினேன். ஊரே பாராட்டிச்சு. உங்களுக்குத்தான் அருமை தெரியல. இந்தக் காலத்துல போய் இப்படி ஒரு ஓட்டைச் சாமானை..."

அவன் முதுகுக்குப் பின்னால் பாஸ்டர் முழங்கினார்.

"அப்பா, நான் பேசிட்டிருக்கேன்ல?"

"அவரும்தான் பேசிட்டிருக்காரு," என்றாள் நூரிஸ்.

"என்ன பேசறாரு?"

"கழிப்பறைக்குப் போகணுமாம். தூக்கு."

"நானா?"

"பின்ன, உன் தட்டுகிட்ட சொல்லிப் பாரு, அது தூக்குமான்னு."

ஃபௌஸ்தோ குனிந்தான். எங்கே பிடிப்பதென்று தெரியாமல் தடுமாறினான். பெர்சியோ தன் இடது கையை மகன் கழுத்தைச் சுற்றிப் போட்டு, முழுப் பாரத்தையும் அவன்மேல் சாய்த்தார். அரைமணி நேரத்துக்கு முன்னால்தான் நூரிஸ் அவரைக் கழிப்பறைக்குக் கூட்டிப்போய் வந்திருந்தாள். அதை அவள் சொல்லவில்லை.

வாசலுக்கு வந்து கரண்டியை எடுத்தாள். உள்ளே பாஸ்டர் இன்னும் முழங்கிக்கொண்டிருந்தார்.

"தோன்யா நூரிஸ், அல்லேலூயா! ஓடுங்க!" என்று கத்தினார்கள்.

"இன்னிக்கு அவன் போயிருக்கான்," என்று சொல்லிக்கொண்டே அடுத்த எம்பனாடாவை எண்ணெயில் போட்டாள்.